கார்டியன் பொறுப்புல இருந்து விலகணும்னா கோர்ட்ல என்ன நடக்கும்? வக்கீலம்மா பதில்கள்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல நாலஞ்சு ஒரே விஷயத்தை சுத்தியே வந்திருக்கு. கோர்ட் நியமிச்ச கார்டியன் எனக்கு இனிமே முடியலைன்னு சொன்னா என்ன ஆகும், அந்த பிள்ளை யார்கிட்ட போகும், பொறுப்புல இருந்தவருக்கு ஏதாவது சிக்கல் வருமா, இதைத்தான் ஆளாளுக்கு ஒரு மாதிரி கேட்டிருக்கீங்க. அதனால இந்த இதழ் முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன். சொத்து தகராறு, செக் பவுன்ஸ் பத்தி எழுதினவங்க கோச்சுக்காதீங்க, அடுத்த இதழ்ல கண்டிப்பா எழுதறேன்.

கேள்வி: வக்கீலம்மாவுக்கு வணக்கம். எங்க அண்ணனும் அண்ணியும் ஆறு வருஷம் முன்னாடி கார் ஆக்சிடென்ட்ல தவறிட்டாங்க. அண்ணன் பொண்ணு, பையன் ரெண்டு பேருக்கும் கோர்ட் என்னையே கார்டியனா போட்டுச்சு, பிள்ளைங்களுக்கும் சரி அவங்க சொத்துக்கும் சரி. ஆக்சிடென்ட் கேஸ்ல வந்த பணம் பேங்க்ல எஃப்.டி.யா இருக்கு, ஒரு வீடு வாடகைக்கு விட்டிருக்கோம். எனக்கு போன வருஷம் பைபாஸ் ஆச்சு. இப்ப முன்ன மாதிரி ஓட முடியலை. பிள்ளைங்களோட சித்தி, அதாவது அண்ணியோட தங்கச்சி, நான் பார்த்துக்கறேன்னு சொல்லுது. பொண்ணுக்கு 15 வயசு, பையனுக்கு 12. கோர்ட்டுக்கு ஒரு ராஜினாமா லெட்டர் எழுதி ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டா போதும்னு என் மகன் சொல்றான். அது சரியா? பாதியில விட்டுட்டு போறான்னு ஜட்ஜ் திட்டுவாரோன்னும் பயமா இருக்கு. (வாசகர், திருச்சி மாவட்டம்)

பதில்: ஐயா, முதல்ல அந்த பயத்தை விடுங்க. உடம்பு முடியாத ஒருத்தரை பிடிச்சு வச்சு நீதான் பார்க்கணும்னு எந்த கோர்ட்டும் சொல்லாது, ஏன்னா அப்படி சொன்னா கஷ்டப்படப்போறது அந்த பிள்ளைங்கதான். 1890ஆம் வருஷத்து கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம்தான் இன்னைக்கும் நடைமுறையில இருக்கு, அதுல 40ஆவது பிரிவு உங்களுக்காகவே இருக்கு. கோர்ட் நியமிச்ச கார்டியன் விலக நினைச்சா கோர்ட்டுக்கு மனு போடலாம், காரணம் போதுமானதுன்னு கோர்ட்டுக்கு தெரிஞ்சா விடுவிக்கணும். ஒருத்தரோட விருப்பத்துக்கு மாறா அவரை கார்டியனா நியமிக்கவே கூடாதுன்னு அதே சட்டம் 17ஆவது பிரிவுல சொல்லுது. ஆனா ஒரு தடவை பொறுப்பு எடுத்தாச்சுன்னா வெளிய வர்றதுக்கு விருப்பம் மட்டும் பத்தாது, காரணம் காட்டணும். உங்க காரணம் நல்ல காரணம். டிஸ்சார்ஜ் சம்மரி, டாக்டர் சர்டிபிகேட் ரெண்டையும் மனுவோட சேர்த்து போடுங்க.

மகன் சொல்ற ரிஜிஸ்டர் தபால் வேலைக்கு ஆகாது. ஆபீஸ்ல பேப்பரை நீட்டிட்டு வர்ற ராஜினாமா மாதிரி இது கிடையாது. கோர்ட் ஆர்டர் வர்ற வரைக்கும் நீங்கதான் கார்டியன், ஸ்கூல்ல கையெழுத்து போட வேண்டியதும் நீங்கதான், வாடகை பணத்துக்கு பதில் சொல்ல வேண்டியதும் நீங்கதான். லெட்டர் அனுப்பிட்டோமேன்னு கையை விட்டுட்டு நடுவுல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா கடமை தவறினதா உங்க மேலேயே 39ஆவது பிரிவுல நீக்கற மனு வரலாம். தானா விலகறது வேற, நீக்கப்படறது வேற, இத்தனை வருஷம் பார்த்த உங்களுக்கு அந்த பேர் வேண்டாம்.

எந்த கோர்ட் உங்களை நியமிச்சுதோ அங்கேயே, பழைய ஜி.டபிள்யூ.ஓ.பி. நம்பரை, அதாவது உங்களை கார்டியனா நியமிச்ச கேஸோட நம்பரை குறிப்பிட்டு வக்கீல் மூலமா மனு போடுங்க. அதோட கூடவே சித்தியையும் தன்னை கார்டியனா நியமிக்க சொல்லி ஒரு மனு போட சொல்லுங்க, சம்மத அஃபிடவிட்டும் வாங்கி வைங்க. ஒரு கார்டியனை விடுவிச்சா அடுத்தவரை கோர்ட் தானாகவே கூட நியமிக்கலாம்னு 42ஆவது பிரிவு இருக்கு, ஆனா அடுத்த ஆள் ரெடியா வந்து நிக்கறப்ப வேலை எவ்வளவோ சுலபமாகும். என் அனுபவத்துல ஜட்ஜ் முதல்ல கேக்கறது ஏன் விலகறீங்கன்னு இல்ல, அடுத்து யார்னுதான் கேப்பாங்க. இன்னைக்கு உங்களை விடுவிச்சுட்டு நாளைக்கு அந்த பிள்ளைங்க யாரும் இல்லாம நிக்கறதை எந்த ஜட்ஜும் விரும்ப மாட்டாங்க. நடுவுல அவசரம்னா பிள்ளைங்களை தற்காலிகமா ஒருத்தர்கிட்ட ஒப்படைக்கவும் சொத்தை பாதுகாக்கவும் 12ஆவது பிரிவுல இடைக்கால உத்தரவு கேக்கலாம்.

சித்தியையும் கோர்ட் அப்படியே ஏத்துக்காது. உறவுக்காரங்களுக்கு நோட்டீஸ் போகும், சித்தியோட வீட்டு நிலைமை, வருமானம், பிள்ளைங்களோட பழக்கம், சொத்துல அவங்களுக்கு ஏதாவது எதிர் உரிமை இருக்கா, இதெல்லாம் பார்ப்பாங்க. பிள்ளைங்களையும் கேப்பாங்க. விவரம் தெரிஞ்ச வயசா இருந்தா பிள்ளையோட விருப்பத்தையும் கோர்ட் கணக்குல எடுத்துக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு, 15 வயசு பொண்ணை சேம்பர்ல கூப்பிட்டு தனியா பேசாத ஜட்ஜை நான் பார்த்ததே இல்ல. அதனால தயவு செஞ்சு இப்பவே அந்த பொண்ணுகிட்ட உக்காந்து பேசுங்க ஐயா. சித்தப்பாவுக்கு உடம்பு முடியலை, உன்னை பிடிக்காம அனுப்பலைன்னு உங்க வாயாலேயே சொல்லுங்க. அப்பா அம்மாவை ஒரு தடவை இழந்த பிள்ளை, கோர்ட் நோட்டீஸை பார்த்து இந்த விஷயத்தை தெரிஞ்சுக்கக்கூடாது.

அடுத்தது கணக்கு. இதுலதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க, பணத்தை எடுத்ததால இல்ல, எழுதி வைக்காததால. நீங்க சொத்துக்கும் கார்டியன்ங்கறதால நியமனம் ஆன ஆறு மாசத்துக்குள்ள, கோர்ட் கேட்டிருந்தா, சொத்து பட்டியல் தாக்கல் பண்ணியிருக்கணும், பாண்டு எழுதி குடுத்திருக்கலாம், ஜாமீன்தாரர் இருந்திருக்கலாம். பழைய கட்டை எடுத்து பாருங்க. விலகறப்ப கோர்ட் 41ஆவது பிரிவுல உங்க கையில இருக்கற பிள்ளைங்களோட சொத்தையும் கணக்கையும் ஒப்படைக்க சொல்லும். எஃப்.டி. ரசீது, வட்டி வந்த பாஸ்புக், வாடகை ஒப்பந்தம், வாடகைக்காரர் குடுத்த அட்வான்ஸ், வீட்டு வரி ரசீது, பட்டா, லாக்கர்ல அண்ணி நகை இருந்தா அதோட எடை லிஸ்ட், எல்லாம். ஒப்படைச்ச அப்புறம் பொறுப்புகள்ல இருந்து விடுவிக்கப்பட்டார்னு கோர்ட் அறிவிக்கலாம், பின்னாடி மோசடி ஏதாவது தெரிய வந்தா அதுக்கு மட்டும் இந்த விடுதலை செல்லாது. 40ல விலக அனுமதி வாங்கறது ஒண்ணு, 41ல கணக்கு முடிச்சு இந்த அறிவிப்பு வாங்கறது இன்னொண்ணு, முதல் ஆர்டரோட நிறைய பேர் வீட்டுக்கு போயிடறாங்க, நீங்க ரெண்டையும் வாங்கிட்டுதான் ஃபைலை மூடணும்.

கணக்கை குடுக்காம இழுத்தடிச்சா 45ஆவது பிரிவு இருக்கு. அபராதம் 100 ரூபாய் வரைக்கும், அப்புறமும் பிடிவாதம் பிடிச்சா ஒரு நாளைக்கு 10 ரூபாய் வரைக்கும் மொத்தம் 500 ரூபாய்க்குள்ள. 1890ல அது பெரிய தொகை. இப்ப அதை பார்த்து அவ்வளவுதானான்னு நினைச்சுடாதீங்க, கணக்கு குடுக்கறேன்னு ஒத்துக்கற வரைக்கும் சிவில் ஜெயில்ல வைக்கவும் அதே பிரிவுல வழி இருக்கு.

எனக்கு மறக்கவே முடியாத ஒரு கேஸ் சொல்றேன், ஆள் அடையாளம் தெரியாத மாதிரி. ஒரு தாய்மாமன், ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். தங்கச்சி பொண்ணுக்கு கார்டியனா இருந்தார், கை நடுக்க வியாதி வந்து விலக மனு போட்டிருந்தார். கணக்கு கேட்டதும் மஞ்சப்பையில இருந்து நாலு நோட்டு எடுத்து வச்சார், ஸ்கூல் பிள்ளைங்க வாங்கற அந்த கோடு போட்ட 80 பக்க நோட்டு. கண்டக்டர் வேலை பார்த்த கை, தினமும் டிக்கெட் காசை டேலி பண்ணின பழக்கம், ஒவ்வொரு பக்கமும் வரவு ஒரு பக்கம் செலவு ஒரு பக்கம், ஷூ வாங்கின ரசீது, ஊசி போட்ட சீட்டு எல்லாம் பசை தடவி ஒட்டியிருந்தது. ஜட்ஜம்மா ஒவ்வொரு பக்கமா புரட்டிக்கிட்டே வந்தவங்க மூணாவது நோட்டுல நிறுத்திட்டாங்க. இங்க இருந்து எழுத்து மாறுதே, இது யார் எழுத்துன்னு கேட்டாங்க. அவர் தலையை குனிஞ்சுக்கிட்டு, பாப்பா எழுத்துங்கம்மா, எனக்கு பேனா நிக்க மாட்டேங்குது, நான் சொல்ல சொல்ல அது எழுதும்னார். அதுக்கு மேல டாக்டர் சர்டிபிகேட்டை ஜட்ஜம்மா ரொம்ப நேரம் பார்க்கலை. அப்புறம் பொண்ணை சேம்பருக்கு கூப்பிட்டாங்க. பெரியம்மா வீட்டுக்கு போக சம்மதமான்னு கேட்டதுக்கு தலையாட்டின அந்த பொண்ணு திருப்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு, இனிமே மாமாவுக்கு மாத்திரை நேரத்தை யார் ஞாபகப்படுத்துவாங்கன்னு. ஆர்டர்ல லீவு நாள்ல மாமாவை பார்க்க அனுப்பணும்னு ஒரு வரி சேர்ந்தது அதனாலதான்.

உங்களுக்கும் அதையே சொல்றேன், லீவுக்கு பிள்ளைங்க உங்க வீட்டுக்கு வரணும்னு மனுவுலயே கேளுங்க. இன்னொரு வழியும் இருக்கு. பிள்ளைங்களை வச்சு பார்க்கறதுக்கு ஒருத்தர், சொத்துக்கு ஒருத்தர்னு கோர்ட் தனித்தனியா நியமிக்கலாம். அலைச்சல் இருக்கற சொத்து பொறுப்பை மட்டும் விட்டுட்டு பிள்ளைங்களை உங்ககிட்டயே வச்சுக்கணும்னு மனசுல இருந்தா அப்படியும் மனு போடலாம், இல்ல மாத்தியும் கேக்கலாம். வீட்டை ரிப்பேர் பண்ணலாமா வாடகையை மாத்தலாமாங்கற குழப்பம்தான் உங்களை அழுத்துதுன்னா 33ஆவது பிரிவுல கோர்ட்டோட ஆலோசனையே கேக்கலாம், இது பல வக்கீல்களுக்கே ஞாபகம் வர்றதில்ல.

எஃப்.டி. விஷயத்துல ஒண்ணு மட்டும் கவனம். ஆக்சிடென்ட் நஷ்ட ஈடு பணம்ங்கறதால அந்த டெபாசிட் விபத்து தீர்ப்பாயத்தோட உத்தரவுல இருக்கும். கார்டியன் மாறின ஆர்டரோட சர்டிஃபைட் காப்பியை எடுத்துட்டு அங்கேயும் ஒரு மனு போட்டு வட்டி வாங்கற பேரை மாத்தணும், இல்லாட்டி பேங்க்ல ஒவ்வொரு தடவையும் உங்களையே வர சொல்லுவாங்க.

ஒருவேளை கோர்ட் விடுவிக்க மறுத்துட்டா அதுக்கு எதிரா ஹைகோர்ட்ல அப்பீல் போகலாம், 47ஆவது பிரிவுல அந்த உரிமை இருக்கு. உங்க கேஸ்ல அதுக்கு தேவை வரும்னு எனக்கு தோணலை.

கேள்வி: எங்க அக்கா இறந்ததும் அக்கா பையனுக்கு அவனோட பெரியப்பாவை கோர்ட் கார்டியனா போட்டாங்க. அவர் மூணு வருஷம் முன்னாடி என்னால முடியாதும்மா நீயே வச்சுக்கோன்னு 100 ரூபாய் பத்திரத்துல எழுதி நோட்டரி கையெழுத்தும் வாங்கி குடுத்துட்டார். பையன் என்கிட்டதான் வளர்றான். இப்ப பாஸ்போர்ட்டுக்கு போனா அந்த பத்திரம் செல்லாதுங்கறாங்க. (வாசகி, தேனி)

பதில்: செல்லாதுதான் தங்கச்சி. கோர்ட் குடுத்த பொறுப்பை இன்னொருத்தருக்கு பத்திரத்துல எழுதி மாத்தி விட முடியாது, நோட்டரி சீல் பத்து வச்சாலும் அதே கதைதான். சட்டப்படி இன்னைக்கும் அந்த பெரியப்பாதான் கார்டியன். இப்படி எழுதி வாங்கிட்டு நிம்மதியா இருக்கற குடும்பங்களை நிறைய பார்த்துட்டேன், ஸ்கூல் அட்மிஷன் வரைக்கும் எப்படியோ ஓடிடும், பாஸ்போர்ட்டோ ஆபரேஷனோ வர்றப்பதான் இடிக்கும்.

ஆனா அந்த பத்திரத்தை கிழிச்சு போட்டுடாதீங்க. அவர் விலக சம்மதிச்சதுக்கும் பையன் மூணு வருஷமா உங்ககிட்ட இருக்கறதுக்கும் அது ஒரு சாட்சி. ஸ்கூல் ப்ராக்ரஸ் ரிப்போர்ட், தடுப்பூசி கார்டு, ஃபீஸ் ரசீது இதையும் சேர்த்துக்கோங்க. பெரியப்பா 40ல விலகற மனு போடட்டும், நீங்க உங்களை நியமிக்க சொல்லி மனு போடுங்க, ரெண்டையும் சேர்த்தே விசாரிப்பாங்க. நியமிச்ச கோர்ட் எல்லையை விட்டு பையனை வெளிய கொண்டு போக கோர்ட் அனுமதி வேணும்னு 26ஆவது பிரிவு சொல்லுது, அந்த கோர்ட் வேற மாவட்டம்னா இதையும் வக்கீல்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க. பெரியப்பா இனிமே கோர்ட் பக்கமே வர மாட்டேன்னு சொன்னா அப்ப நீங்க 39ல நீக்கற மனு போடலாம், தொடர்ந்து கடமையை செய்யாதது அதுல ஒரு காரணம். பணம் இல்லைன்னு தயங்காதீங்க. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானத்தை பார்க்காமலே இலவச வக்கீல் குடுக்கணும்னு 1987 சட்டம் சொல்லுது, மாவட்ட கோர்ட் வளாகத்துலயே சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், நேரா போங்க.

கேள்வி: கணவர் இறந்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரே பொண்ணு, 7 வயசு. எனக்கு வெளிநாட்டுல நர்ஸ் வேலை கிடைச்சிருக்கு. கார்டியன் பொறுப்பை ராஜினாமா பண்ணி மாமியார் பேருக்கு மாத்தி குடுன்னு வீட்டுல சொல்றாங்க. பண்ணலாமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: பண்ண வேண்டாம்மா, பண்ணவும் முடியாது. 40ஆவது பிரிவு கோர்ட் நியமிச்ச கார்டியனுக்குத்தான். நீங்க பெத்த அம்மா, இந்து மைனர் கார்டியன் சட்டம் 1956ன்படி அப்பா இல்லாதப்ப நீங்கதான் இயற்கை கார்டியன், உங்களை யாரும் நியமிக்கலை, அதனால ராஜினாமாவும் கிடையாது. அம்மாவோட இந்த உரிமை லேசுல கிடைச்சது இல்ல. அப்பா உயிரோட இருக்கறப்ப அம்மா கார்டியனா கையெழுத்து போட்ட ரிசர்வ் பேங்க் பத்திரம் சம்பந்தமா சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 1999ல கீதா ஹரிஹரன் வழக்குலதான் அப்பா பொறுப்புல இல்லாத நிலைமையில அம்மாவும் கார்டியன்தான்னு தெளிவாச்சு. உங்க வீட்டு சூழ்நிலை எனக்கு தெரியாது, ஆனா பொண்ணு பேர்ல வீடோ பணமோ இருந்து அதனாலதான் இந்த பேச்சு வருதுன்னா எந்த பேப்பர்லயும் கையெழுத்து போடாதீங்க.

பொண்ணை பாட்டிகிட்ட விட்டுட்டு வேலைக்கு போறதால உங்க உரிமை போயிடாது. ஸ்கூலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பாட்டி போகலாம்னு ஒரு சம்மத கடிதம் குடுத்துட்டு போங்க, மாசா மாசம் பணத்தை பேங்க் வழியா அனுப்புங்க. தைரியமா போயிட்டு வாங்க.

கேள்வி: தம்பிக்கு 34 வயசு, பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைபாடு. அம்மா போன அப்புறம் கலெக்டர் ஆபீஸ் மூலமா நான் கார்டியன் ஆனேன். இப்ப என் கடைசி தங்கச்சி பார்த்துக்கறேங்கறா. கோர்ட்டுக்கு போகணுமா? (வாசகர், விழுப்புரம்)

பதில்: உங்களுது வேற சட்டம். 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி மாவட்டத்துல கலெக்டரோட உள்ளூர் அளவிலான குழு நியமிச்சிருக்கு, அதனால நியமிச்ச அந்த குழுகிட்டயே போங்க, மைனர் சட்டத்துல மனு போட்டா நிக்காது. அங்கேயும் கணக்கு உண்டு. நியமனம் ஆன ஆறு மாசத்துக்குள்ள சொத்து பட்டியலும், ஒவ்வொரு நிதியாண்டு முடிஞ்ச மூணு மாசத்துக்குள்ள வரவு செலவு கணக்கும் குடுத்திருக்கணும். விட்டுப்போன வருஷம் இருந்தா அதை முதல்ல எழுதி முடிச்சுட்டு தங்கச்சியையும் கூட்டிட்டு போங்க. தம்பியையும் கூட்டிட்டு போங்க, அவருக்கு புரியாதுன்னு வீட்டுல விட்டுட்டு போகாதீங்க.

கேள்வி: நான் வளர்த்த அக்கா மகனுக்கு வர்ற மாசம் 18 முடியுது. கோர்ட் நியமிச்ச கார்டியன் இருந்தா 21 வரைக்கும் மைனர்தான்னு ஒருத்தர் சொல்றார். நான் இப்ப ராஜினாமா பண்ணணுமா, இல்ல தானா முடிஞ்சிடுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: அவர் சொல்றது பழைய சட்டம். 1875 மேஜர் வயசு சட்டத்துல அப்படி 21ன்னு இருந்தது உண்மைதான், 1999ல திருத்தி எடுத்துட்டாங்க, இப்ப எல்லாருக்கும் 18தான். பையனுக்கு 18 ஆன அன்னைக்கே உங்க அதிகாரம் முடிஞ்சிடும், ராஜினாமா மனு தேவையில்ல. அன்னையில இருந்து அவன் பேர்ல இருக்கற எதுலயும் கார்டியன்னு கையெழுத்து போடாதீங்க, பழைய பழக்கத்துல பேங்க்ல போட்டுடுவீங்க, ஜாக்கிரதை.

ஆனா அதிகாரம் முடிஞ்சாலும் கணக்கு முடியலை. சொத்துக்கும் நீங்க கார்டியனா இருந்தீங்கன்னா 41ல ஒப்படைச்சுட்டு விடுவிப்பு வாங்கிக்கோங்க. முக்கியமா கோர்ட் அனுமதி வாங்கி ஏதாவது வித்திருந்தீங்கன்னா அந்த ஆர்டர், வித்த பணம் போன இடம் ரெண்டையும் தனியா எடுத்து வைங்க. அனுமதி இல்லாம கார்டியன் வித்த சொத்தை, மேஜர் ஆனதுல இருந்து 3 வருஷத்துக்குள்ள பையன் கேஸ் போட்டு ரத்து பண்ணலாம், பின்னாடி யாராவது அவன் காதுல ஏதாவது ஊதினாலும் பேப்பர் உங்க பக்கம் பேசும். கோர்ட்டுக்கு தாக்கல் பண்றதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை பையனை பக்கத்துல உக்கார வச்சு மொத்த கணக்கையும் படிச்சு காட்டுங்க. அவன் கேக்கற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிட்டு ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து வாங்குங்க, ஒரு ஜெராக்ஸ் செட் அவன்கிட்ட குடுத்துடுங்க.